பூரணி சொன்ன இருபத்திரண்டு ஓம்

அனுப்புநர்:
இந்திராதேவி குகதாசன்
(பூரணி குகதாசன் என்னும் எட்டு வயதுப் பிள்ளையின் தாய்)
ரூ பஜோல், நான்காம் மாடி, இடக்கைப் பக்கக் கதவு
பாரிஸ் 18

பெறுநர்:
தலைவர் அவர்கள்
வடபகுதிச் சிறப்புக் கல்விப் பரிசீலனைக் குழு
பாரிஸ்

ஊடாக:
திரு. பெர்னார் லூர்துசாமி அவர்கள்
மேற்படி குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பாளர்

பொருள்: என் மகள் பூரணியைப் புத்தி குறைந்த பிள்ளை என்று தங்கள் குழு பதினேழு நிமிடத்தில் தீர்மானித்தமை, பெற்றோராகிய நாங்கள் வெளியே செய்வித்த பரிசோதனையின் முடிவைக் கோவையில் சேர்க்க மறுத்தமை, அதை ஏற்கவும், அவளைப் புதிதாகப் பரிசோதிக்கவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய தலைவர் ஐயா,

1. இம்மனுவை நான் தமிழில் எழுதுவதற்குத் தாங்களே அனுமதி தந்திருக்கிறீர்கள். தங்கள் கடிதத்தாளின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவு எழுத்தில், பெற்றோர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம் என்றும், குழுவின் மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவார் என்றும் அச்சிட்டிருக்கிறது. அதை இதுவரை யாரும் வாசிக்கவில்லைப் போலும். நான் வாசித்தேன். ஆகவே திரு. லூர்துசாமி அவர்கள் இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒன்றும் விடாமல், தங்கள் முன்னிலையில் உரத்து மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரைப் பற்றி எழுதியிருக்கும் இடங்களில் குரலைத் தாழ்த்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் யார் என்பதைத் தாங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். பொதுமக்களின் மனுக்களுக்குப் பதில் எழுதுவதே என் வேலை. “தங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது” என்ற வசனத்தை எத்தனை ஆயிரம் பேருக்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கோவையை எப்படி மேசை மேசையாக அலைய விடுவது, எந்தத் தாளை எந்தத் தாளுக்கு அடியில் வைத்தால் அது பிறகு கண்ணில் படாது என்பதெல்லாம் எனக்குக் கைவந்த வித்தை. இப்போது இந்த நகரத்தில் ஓர் அலுவலகத்தின் தரையைத் துடைத்துக் குப்பைக்கூடையைக் கொட்டுகிறேன். அதிகாரிகளின் குப்பைக்கூடையில் என்ன கிடக்கும் என்பது இரண்டு நாட்டிலும் எனக்குத் தெரியும். ஆகையால் இம்மனுவின் பிரதியை நான் கையில் வைத்திருக்கிறேன்.

3. என் மகள் பூரணி 1979ஆம் ஆண்டு பிறந்தவள். மூன்று வயதில் அவளுக்குச் சின்னமுத்து என்னும் தட்டம்மைக் காய்ச்சல் வந்து, இரண்டு காதிலும் கிழமைக்கணக்கில் சீழ் வடிந்தது. பிறகு சுகமாகிவிட்டாள் என்று வைத்தியர் சொன்னார், நாங்களும் நம்பினோம். 1985இல் இங்கே வந்தோம். ஒன்றரை வருடமாக அவள் லா ஷப்பலில் பாடசாலைக்குப் போகிறாள். வகுப்பில் ஆசிரியை சொல்வது அவள் மண்டையில் ஏறுவதில்லை என்றும், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றும், எதைக் கேட்டாலும் சிரிக்கிறாள் என்றும் பாடசாலை எழுதியது. அந்தக் கடிதத்தின் மீதுதான் தங்கள் குழு எங்களை அழைத்தது.

4. 1987 மே மாதம் 14ஆம் திகதி காலை பத்தே முக்காலுக்கு வரச் சொன்னீர்கள். என் கணவர் குகதாசனுக்கு ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் திருமதி ஜெர்மேன் அவர்களைத் துணைக்குக் கூட்டி வந்தேன். அவர் காரைக்காலைச் சேர்ந்தவர், பிரெஞ்சுப் பிரசை, ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தாதி உதவியாளர். நன்றாகப் பிரெஞ்சு பேசுவார். அதுவே அவர் செய்த குற்றமாயிற்று. “ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்” என்று சொல்லி அவரை வெளி நடைவழியில், குடை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நிற்க வைத்தார்கள். குடைகளுக்கும் அவருக்கும் ஒரே மரியாதை.

5. உள்ளே நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பரிசோதனை செய்த அம்மையார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். பேனாவின் மூடியை வாயில் கடித்தபடி, தலையைத் தாளை விட்டு எடுக்காமல் கேள்வி கேட்டார். பிள்ளையை இந்தப் பக்கம் இருத்தினார்கள். திரு. லூர்துசாமி அவர்கள் பிள்ளைக்குப் பின்னால், யன்னலோரம் வெயில் பட இருந்துகொண்டார். என்னைக் கதவடி மூலையில் இருத்தி, “பரீட்ச முடியற வரைக்கும் நீங்க வாயே தொறக்கப்படாதும்மா, அது ரூலு” என்று அவர் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. கச்சேரியில் இருந்தவள் அல்லவா, விதி என்றால் மதிப்பேன். என் வாழ்நாளில் நான் கடைப்பிடித்த விதிகளிலேயே வெட்கக்கேடான விதி அதுதான்.

6. பரிசோதனைக்கு முன் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்கள். பிள்ளை வீட்டில் பேசுவாளா என்று. “ஓம் ஐயா, வீட்டிலை நல்லாக் கதைப்பாள்” என்று நான் சொன்னேன். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. வேறு ஒரு மண்ணும் இல்லை. திரு. லூர்துசாமி அவர்களோ அதைக் கதை சொல்லுதல், கதை விடுதல் என்று விளங்கிக்கொண்டு மொழிபெயர்த்திருக்கிறார். தங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் “பிள்ளை வீட்டில் இல்லாததைப் புனைந்து சொல்லும் வழக்கம் உடையவள் எனத் தாயே ஒப்புக்கொள்கிறார்” என்று எழுதியிருக்கிறது. என் பிள்ளை நன்றாகப் பேசுவாள் என்று நான் பெருமையாகச் சொன்னது, அவள் பொய்காரி என்று நான் கொடுத்த வாக்குமூலமாகக் கோவையில் இருக்கிறது.

7. அடுத்து, படங்களைக் காட்டி ஒன்பது கேள்வி. பூனை, மரம், மீன் ஆகியவற்றுக்குச் சரி போட்டிருக்கிறீர்கள், பெருந்தன்மைக்கு நன்றி. கதிரையின் படத்தைப் பார்த்து அவள் “கதிரை” என்றாள். நாங்கள் இருப்பதற்குப் பாவிக்கும் நாற்காலிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மொழிபெயர்ப்பாளர் அதைச் சூரியனின் கதிர் என்று சொல்ல, “நாற்காலியைப் பார்த்துச் சூரிய ஒளி என்கிறாள், பொருள்களை இனங்காணும் திறன் குழம்பியுள்ளது” என்று எழுதியிருக்கிறார்கள். ஆரஞ்சைப் பார்த்துத் “தோடம்பழம்” என்றாள். காதில் போடும் தோட்டை அவர் நினைத்துக்கொண்டார் போலும். “பழத்தையும் நகையையும் பிரித்தறியவில்லை” என்று ஒரு குறிப்பு. தண்ணீர் குடிக்கிற குவளையைப் “பேணி” என்றாள். “பொருளற்ற ஒலி” என்றார்கள். சமையலறைப் படத்துக்கு “குசினி” என்றாள். அந்த ஒரு சொல் மொழிபெயர்ப்பாளரின் ஊரான புதுச்சேரியிலும் உண்டு. அதற்கு மட்டும் திரு. லூர்துசாமி அவர்கள் முகம் மலர்ந்து “கரெக்ட்டு பாப்பா” என்றார். ஆகத் தங்கள் குழுவில் பிள்ளையின் புத்தியை அளக்கும் கோல் எதுவென்றால், புதுச்சேரியில் ஒரு பொருளுக்கு என்ன பெயர் என்பதே.

8. படமில்லாமல், வாயால் மட்டும் கேட்டவை இருபத்திரண்டு. உன் வயது என்ன என்று அம்மையார் தாளைப் பார்த்துக் கேட்டார். “ஒன் வயசு என்னா பாப்பா?” என்று அவளுடைய முதுகைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் கேட்டார். பூரணி “ஓம்” என்றாள். வாரத்தில் எத்தனை நாள்? “ஓம்.” நீ பெண் பிள்ளையா, ஆண் பிள்ளையா? “ஓம்.” பயத்தில் உளறுகிறாள் என்று மூலையில் இருந்த நான் நினைத்தேன். அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிக் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், அது என் மூலைக்கு எட்டவில்லை; அதற்கும் அவள் சொன்னது மட்டும் எட்டியது. இருபத்திரண்டு தடவை “ஓம்”.

9. ஓம் என்றால் என்ன என்பதைத் தாங்கள் இப்போதாவது அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம். கடையில் சில்லறை சரியா என்று கேட்டால் ஓம். சாப்பிட்டாயா என்றால் ஓம். எங்கள் சனம் கடை வைத்திருக்கும் ரூ காய் தெருவின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு நடந்து போனால், தாங்கள் நூறு ஓம் கேட்கலாம். அதில் ஒன்றிலும் கற்பூரம் எரியாது. ஆனால் திரு. லூர்துசாமி அவர்கள் பரிசோதனை அம்மையாருக்குக் கொடுத்த விளக்கம் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் உள்ளது: “இது இந்துக்கள் வழிபாட்டின் தொடக்கத்தில் உச்சரிக்கும் புனித ஒலி.” அதன் கீழே அம்மையார் தம் கையெழுத்தில், “பிள்ளை வெளியுலகத் தொடர்பின்றி மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கிறாள்” என்று எழுதி, இரண்டு கோடு இழுத்திருக்கிறார். ஒரு எட்டு வயதுப் பிள்ளை தங்கள் அலுவலகத்தில் தவத்தில் இருந்தது என்று, படித்த மூன்று பேர் நம்பிக் கையொப்பமும் வைத்திருக்கிறீர்கள். என்னத்தைச் சொல்ல!

10. பரிசோதனை தொடங்கியபோது சுவர்க்கடிகாரத்தில் பத்து ஐம்பது. முடிந்தபோது பதினொன்று ஏழு. எங்கள் கச்சேரியில் சைக்கிள் அனுமதிச்சீட்டுக்கு வந்தவரைக்கூட இதைவிடக் கூடிய நேரம் இருத்தி வைத்துப் பேசுவோம். கடைசியில் தாங்கள் வந்து, நின்றபடி தாளைப் புரட்டினீர்கள். அப்போது நான் எழும்பி, பிள்ளை வீட்டில் இப்படி இல்லை என்று சொன்னேன். தாங்கள் பிரெஞ்சில் சொன்னதைத் திரு. லூர்துசாமி அவர்கள் “எல்லா அம்மாவும் இப்புடித்தாம்மா சொல்லுவாங்க” என்று எனக்குத் தமிழில் தந்தார். இந்த ஒரு வசனத்தை அவர் பிழையின்றி மொழிபெயர்த்தார் என்றே நம்புகிறேன். தங்கள் முகத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

11. வெளியே வந்து படியிறங்கும்போது பூரணி என் கையைப் பிடித்து, முகத்தை நிமிர்த்திப் பார்த்து, “அம்மா, நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னனான். சரிதானே?” என்று கேட்டாள். கெட்டிக்காரி என்றேன். பரீட்சையில் தேறிவிட்டேன் என்ற சந்தோசத்தில், அவள் மெத்ரோ நிலையம் வரை துள்ளிக்கொண்டு வந்தாள்.

12. யூன் 2ஆம் திகதிய தங்கள் தீர்மானம் வந்தது. பூரணி புத்தி வளர்ச்சி குறைந்தவள் என்றும், செப்டெம்பர் 7ஆம் திகதி முதல் ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் விடுதியொன்றில் தங்கி அவள் வளர வேண்டும் என்றும், மாதம் ஒருமுறை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றும் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருமதி ஜெர்மேன் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, அறிக்கையை வரிவரியாகத் தமிழில் சொன்னார். மந்திரம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, “இது என்னாம்மா, ஓம் ஓம்னு எழுதியிருக்காங்க? கொழந்தைக்கு என்னா ஜபம் சொல்லிக் குடுத்திருக்கீங்க?” என்று கேட்டார். ஐயா, இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கும் அந்தச் சொல் தெரியாது. அவரும் கத்தோலிக்கர்தான், காரைக்காலில் பிறந்தவர். ஆனால் தெரியாததை அவர் கேட்டார். தங்கள் மொழிபெயர்ப்பாளர் தெரியாததற்கு விளக்கம் கொடுத்தார்.

13. ஓம் என்றால் ஆமாம் என்று நான் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “வயசு என்னான்னு கேட்டா யாராச்சும் ஆமான்னு சொல்லுவாங்களா?” என்றார். பிறகு, “எங்க வார்டுல சொல்லுவாங்க. காது கேக்காதவங்க. கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எல்லாத்துக்கும் ஆமான்னுடுவாங்க” என்றார். சொல்லிவிட்டு எழும்பிப் போய், நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த பூரணியின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு எவர்சில்வர் தட்டத்தைக் கை உயரத்திலிருந்து கீழே போட்டார். நான் துள்ளி எழும்பினேன். கீழ் மாடிக்காரர் கூரையில் தடியால் இடித்தார். பூரணி படத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். “மூளைக்கு ஒண்ணுமில்லம்மா, காதுதான்” என்று ஜெர்மேன் அம்மா சொல்லிவிட்டு, தட்டத்தை எடுத்துக் கழுவி வைத்தார்.

14. தாய்க்கு எப்படித் தெரியாமல் போனது என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, தங்கள் குழு கேட்காத நியாயமான கேள்விகளில் இதுவும் ஒன்று. நாங்கள் மூவரும் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் எந்நேரமும் என் கைக்கெட்டிய தூரத்தில், என் முகத்தைப் பார்த்தபடி இருப்பாள். என் வாய் அசைவதைப் பார்த்தே அவள் தமிழை விளங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. பாசத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டும் வரவில்லை என்று இரண்டு தடவை அவளுக்கு அடித்திருக்கிறேன். ஒன்று ஊரில், ஒன்று இங்கே. இந்த மனுவில் தங்களைக் குற்றம் சாட்டுகிற எனக்கு, அந்த இரண்டு அடியையும் மறைத்து எழுத மனம் வரவில்லை. ஆனால் நான் என் பிழையை ஏற்றுக்கொண்டேன். தாங்கள் தங்கள் பிழைக்கு முத்திரை குத்தி வைத்திருக்கிறீர்கள்.

15. யூன் 11ஆம் திகதி காது வைத்தியர் ஒருவரும், அவருடன் வேலை செய்யும் உளவியல் நிபுணர் ஒருவரும் பூரணியைப் பரிசோதித்தார்கள். தங்கள் குழுவுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வைத்தியர் அவள் காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்று சைகையால் காட்டினார். வலக்காதில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இடக்காதில் மிச்சம் கொஞ்சம். பிறகு நிபுணர் அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்து, சொல்லே இல்லாமல் வண்ணக் கட்டைகளை அடுக்கிக் காட்டி, அதே மாதிரி அடுக்கச் செய்தார். ஒன்றரை மணி நேரம். முடிவில், தன் வயதுப் பிள்ளைகளுக்குச் சமமான புத்தி, சில இடங்களில் அதற்கும் மேல் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். காதுக்குக் கருவியும், முன்வரிசையில் ஓர் இடமும் கொடுத்தால் சாதாரணப் பாடசாலையிலேயே படிப்பாள் என்பது அவர்களின் கருத்து. இருவருக்கும் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் பிழை விடவில்லைப் போலும்.

16. அந்த இரண்டு அறிக்கையையும் மறுநாளே என் கையால் கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். யூன் 19ஆம் திகதிய தங்கள் பதில் நான்கு வரி. குழுவால் நியமிக்கப்படாதவர்கள் செய்த பரிசோதனையைக் கோவையில் சேர்க்க இயலாது, பெற்றோரின் கவலையைக் குழு புரிந்துகொள்கிறது, தீர்மானத்தில் மாற்றமில்லை, வணக்கம். நல்ல பதில். நானே எழுதியிருந்தாலும் இதைவிடக் குறைவாகக் கவலைப்பட்டிருக்க முடியாது.

17. ஐயா, தாங்கள் பரிசோதித்தீர்கள். அது பிழை என்கிறோம். பிழையா இல்லையா என்று யார் பார்ப்பது? தாங்களே. வேறொருவர் பார்த்தால்? அவர் தங்கள் ஆள் அல்ல, ஆகவே செல்லாது. தன் கணக்கைத் தானே திருத்தித் தானே நூறு புள்ளி போட்டுக்கொள்ளும் மாணவனை எங்கள் பாடசாலையில் வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்துவார்கள். இந்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருமதி ஜெர்மேன் அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார். பெற்றோரை அழைக்க வேண்டும், பெற்றோர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்குக் கொண்டுவரலாம், தீர்மானத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், அதை எதிர்த்து முறையிடலாம் என்று அதில் இருக்கிறது. விரும்பி வந்த துணையைக் குடைகளோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. பெற்றோர் கொண்டுவரும் வைத்திய அறிக்கைக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் அகதிகள், எங்களிடம் இருப்பதெல்லாம் காகிதம்தான். ஆகையால் காகிதத்தில் இருப்பதை நாங்கள் நம்புவோம்.

18. இப்பந்தி திரு. லூர்துசாமி அவர்களுக்கு. முசியே, இதையும் உரத்துத்தான் வாசிக்க வேண்டும். நீங்கள் கெட்ட மனிதர் என்று நான் எழுதவில்லை. பரிசோதனை முடிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டியதை நான் பார்த்தேன். ஆனால் உங்களுக்கு எங்கள் தமிழ் தெரியாது. அது குற்றமல்ல, உங்கள் ஊர்த் தமிழ் எனக்கும் முழுதாகத் தெரியாது. “எனக்கு இது வெளங்கல” என்று மூன்று சொல் அந்த அம்மையாரிடம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, விளங்கியது போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். யோசித்துப் பாருங்கள், அந்த அறையில் அன்று காது கேளாத பிள்ளை செய்ததையேதான் நீங்களும் செய்தீர்கள். அவளுக்கு எட்டு வயது. உங்களுக்கு?

19. கடைசியாக ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு மந்திரத்தோடு நின்றுவிட்டதால், இதைத் திருமதி ஜெர்மேன் அவர்களும் கவனிக்கவில்லை. நான்தான் கண்டேன், உடுப்புத் தோய்க்கும் கடையில் இயந்திரம் சுற்றும்வரை காத்திருந்தபோது. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் அறிக்கையை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரியும். பதினொரு வருடம் பார்த்த கண். பதில் எழுதும் நிரலில் முதலாம் கேள்வியிலிருந்து இருபத்தோராம் கேள்வி வரை ஒரே சொல் மேலிருந்து கீழாக நிற்கிறது: ஓம், மந்திரம். ஓம், மந்திரம். இருபத்திரண்டாவதற்கு எதிரே மட்டும் அது இல்லை. அங்கே பிரெஞ்சில் “ஆமாம்” என்பதற்குரிய மூன்றெழுத்துச் சொல் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். இந்நாட்டில் நான் முதலில் படித்த சொல் அது.

20. அந்த இருபத்திரண்டாம் கேள்வி எது என்று ஜெர்மேன் அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். “உன் தாயை விட்டு, வேறு பிள்ளைகளுடன் தூரத்து விடுதியில் போய் இருக்க உனக்குச் சம்மதமா?” என்பது கேள்வி. பிள்ளையின் பதில்: ஆமாம். பக்கத்தில் குறிப்பு: “பிள்ளை மனமுவந்து ஒப்புக்கொள்கிறாள்.” ஒரே வாய், ஒரே கதிரை, ஒரே பதினேழு நிமிடம், ஒரே சொல். வயது கேட்டபோது அது மந்திரம்; தாயைப் பிரிக்கக் கேட்டபோது அது சம்மதம். ஆகத் தங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தே இருந்திருக்கிறது, தேவைப்பட்ட ஒரு தடவைக்கு மட்டும். அல்லது அவருக்குத் தெரியாமல், தங்களுக்கு வசதியான பதிலை அங்கே யாரோ எழுதியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று நான் கேட்கப் போவதில்லை. எதுவானாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

21. அதே கேள்வியை நான் நேற்று என் மகளிடம் கேட்டேன். அவள் முன்னால் நிலத்தில் இருந்து, என் முகம் வெளிச்சத்தில் படும்படி திரும்பி, மெதுவாகக் கேட்டேன்: “அம்மாவை விட்டிட்டுத் தூரத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை போய் இருப்பியோ?” அவள் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் வாயையே பார்த்து, “ஆர் சொன்னது?” என்று கேட்டாள். ஐயா, அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீதான் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? குசினிக்குள் போய்விட்டேன். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்ததால் உரத்து அழுதேன்.

22. ஆகையால் நான் வேண்டுவது: யூன் 11ஆம் திகதிய வெளிப் பரிசோதனை அறிக்கை இரண்டும் பூரணியின் கோவையில், மேல் தாளாக, சேர்க்கப்பட வேண்டும். செப்டெம்பர் 7ஆம் திகதிய அனுப்புதலை உடனே நிறுத்த வேண்டும். மீண்டும் பரிசோதிப்பதானால், அதைத் தங்கள் குழுவைச் சேராத, பெற்றோராகிய நாங்கள் ஒப்புக்கொள்ளும் ஒருவர் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்தவர் மொழிபெயர்க்க வேண்டும். அவர் பிள்ளைக்கு முன்னால் இருக்க வேண்டும், பேனா மூடி எவர் வாயிலும் இருக்கக் கூடாது. திருமதி ஜெர்மேன் அவர்களுக்கு உள்ளே ஒரு கதிரை போட வேண்டும். கதிரை என்றால் நாற்காலி.

23. இவற்றைத் தங்கள் தயவாக நான் கேட்கவில்லை. தயவை மே 14ஆம் திகதி பார்த்துவிட்டேன். பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்குப் போவேன். அங்கே இந்த இருபத்திரண்டு வரி நிரலைப் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போவேன். என் விடயம் பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் எழுத வேண்டாம். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

24. தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். நீண்ட கடிதம் தேவையில்லை. என் பிள்ளையை மறுபடி, நேர்மையாக, முகத்துக்கு முகம் பார்த்துப் பரிசோதிக்க விடுவீர்களா என்பதற்கு ஒரு சொல் எழுதினால் போதும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வோம் என்று தங்கள் கோவையில் இருபத்தோரு இடத்தில் எழுதியிருக்கிறது. இம்முறை அதை நாங்கள் மந்திரமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, பதிலின் பிரதியையும் எதிர்பார்த்து,

(ஒப்பம்) இந்திராதேவி குகதாசன்
பூரணியின் தாய்

இடம்: லா ஷப்பல், பாரிஸ்
திகதி: 24 யூன் 1987

இணைப்பு: காது வைத்தியரின் அறிக்கை, உளவியல் நிபுணரின் அறிக்கை, தங்கள் குழுவின் அறிக்கையில் நான்காம், ஐந்தாம் பக்கங்களின் பிரதி. இருபத்திரண்டாம் வரிக்குச் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறேன். ஒரு கோடுதான்.